சன்ஷேடுக்கு அடியில் கதண்டுக் கூடு: பெட்ரோலும் வேண்டாம், கரப்பான் ஸ்ப்ரேயும் வேண்டாம்

கேள்வி: திருவாரூர் பக்கம் எங்கள் வீடு. மாடிப் படுக்கையறை ஜன்னலுக்கு மேலே, சன்ஷேடின் அடியில் கதண்டு கூடு கட்டியிருக்கிறது. ஆடியில் பார்த்தபோது எலுமிச்சம்பழம் அளவுதான். இப்போது ஐப்பசியில் ஃபுட்பாலைவிடப் பெரிது. போன வாரம் பால்காரரை ஒன்று கொட்டிவிட்டது. வீட்டில் 71 வயது அம்மா இருக்கிறார், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மகளுக்கு ஐந்து வயது. மூங்கில் கழியில் துணி சுற்றி, பெட்ரோலில் நனைத்துக் கொளுத்திவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். நான் கரப்பான் ஸ்ப்ரே இரண்டு டின் வாங்கி வைத்திருக்கிறேன். நானே அடிக்கலாமா? மோட்டார் ரூமில் குடை மாதிரி தொங்கும் சின்னக் கூடு ஒன்று, நிலைவாசலில் மண்கூடு ஒன்று. அவற்றையும் எடுக்க வேண்டுமா?

பதில்: மாடிக் கூட்டை நீங்கள் தொடாதீர்கள். மோட்டார் ரூம் கூட்டை நீங்களே எடுக்கலாம். நிலைவாசல் மண்கூட்டுக்கு அவசரமே இல்லை. மூன்றும் குளவி இனம்தான் என்றாலும் மூன்றின் குணமும் வேறு வேறு.

நீங்கள் அனுப்பிய படத்தில் பூச்சியின் வயிற்றுப் பகுதி தெளிவாகத் தெரிகிறது. முன்பாதி ஆரஞ்சு, பின்பாதி கறுப்பு. பழுப்பும் வெளிர்நிறமுமாக அலை அலையாய் வரி ஓடும் காகிதப் பந்துதான் கூடு. டெல்டாவில் கதண்டு, தெற்கே கடந்தை என்று சொல்வது இதைத்தான். அறிவியலில் வெஸ்பா அஃபினிஸ். மரப்பட்டையையும் காய்ந்த மரத்தையும் சுரண்டி, எச்சிலோடு மென்று கூழாக்கி, அதைக் காகிதம்போல் பூசிப் பூசிக் கட்டுகிறது. மேலே தெரிவது வெறும் உறை. உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள் தொங்கும், ஒவ்வொரு தட்டிலும் முட்டையும் புழுவும் மூடிய கூட்டுப்புழுவும் இருக்கும். உறை ஒரே தாள் அல்ல, இடையில் காற்றுவெளி விட்டுப் பல தாள். வெயிலும் மழையும் உள்ளே போகாமல் இருப்பதற்கான அந்த ஏற்பாடே நீங்கள் வெளியிலிருந்து அடிக்கும் மருந்தையும் தடுத்துவிடும்.

கரப்பான் ஸ்ப்ரே இங்கே தோற்பது அதனால்தான். டின்னில் உள்ள மருந்து பூச்சியின் மேல் பட்டால் கொல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சில அடி தூரத்துக்குமேல் அது வெறும் பனியாகப் பரவிவிடும். ஏணியில் ஏறி, கூட்டுக்கு முழ தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அடிக்க வேண்டியிருக்கும். உறையை நனைத்த மருந்து உள்ளே இறங்குவதற்குள் காவல் கதண்டுகள் வெளியே வந்துவிடும். ஒன்றை நசுக்கினாலோ ஒன்று கொட்டினாலோ அதன் விஷத்தின் வாடையே மற்றவற்றுக்கு அழைப்பு. தேனீயைப் போல் கொடுக்கை விட்டுவிட்டுச் சாவதும் இல்லை. ஒரே கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும். ஏணியின் உச்சியில் நிற்கிறவர் அப்போது செய்யக்கூடியது குதிப்பது ஒன்றுதான். இந்த வேலையில் இடுப்பெலும்பு முறிவதும் கதண்டு விஷத்துக்குக் குறையாத ஆபத்து.

அண்ணன் சொல்வது வெட்டவெளியில், பனைமரத்தில் ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. வீட்டுக்கு அது ஆகாது. சன்ஷேடுக்குப் பக்கத்தில் ஜன்னல் திரை, மர ஜன்னல், சர்வீஸ் வயர், ஏசி குழாயைச் சுற்றிய ஸ்பாஞ்ச் எல்லாம் இருக்கும். காகிதக் கூடு குப்பென்று பிடிக்கும். எரியும் தட்டுகள் துண்டு துண்டாய்க் கழன்று கீழே நிற்கிறவர் தலையில் விழும். நனைந்த துணியிலிருந்து பெட்ரோல் கழியோடு வழிந்து கைக்கு வரும். தீயோடு ஸ்ப்ரேயும் சேர்ந்தால் இன்னும் மோசம்: அந்த டின்னில் மருந்தைத் தள்ளுவது எரியும் வாயு. தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சுவதும் உதவாது. கூட்டில் பாதி கிழியும், மீதி பூச்சிகள் கோபத்தோடு வெளியே வரும், நாலு நாளில் அதே இடத்தில் ஒட்டுப்போடத் தொடங்கும். புகை போடலாமே என்றால், தேனீ புகைக்குப் பயந்து தேனைக் குடித்து வயிறு நிரம்பி மந்தமாகும். கதண்டிடம் குடிக்கத் தேனும் இல்லை, அந்தப் பழக்கமும் இல்லை.

ஆகவே யாரைக் கூப்பிடுவது? இரண்டு வழி. தீயணைப்பு மீட்புப் பணிகள் துறைக்கு 101 அல்லது 112. ஒருவரைக் கொட்டிவிட்டது, வீட்டில் வயதானவரும் குழந்தையும் இருக்கிறார்கள், கூடு ஜன்னலுக்கு மேலேயே இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன் கீழ் உரிமம் வாங்கியவர்கள்தாம் இதைத் தொழிலாகச் செய்யலாம். போனிலேயே நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள்? எத்தனை பேர்? என்ன மருந்து? இரண்டாம் முறை வந்து பார்ப்பீர்களா? "பகல் 11 மணிக்கு வந்து முடித்துத் தருகிறோம், ஒரே ஆள் போதும்" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். மருந்தின் பெயராக டைக்குளோர்வாஸ் வந்தாலும் அப்படியே. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு இந்தியாவில் அதற்குத் தடை. பழைய பாட்டில்கள் இன்னும் சில கொட்டகைகளில் கிடக்கின்றன.

சரியாகச் செய்கிறவர்கள் எப்படிச் செய்வார்கள் என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கே வித்தியாசம் புரியும்.

முதலில் பகலில் வந்து பார்ப்பார்கள், கூட்டின் பக்கமே போகாமல். குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நின்று, பைனாகுலரிலோ போன் கேமராவைப் பெரிதாக்கியோ பத்து நிமிடம் பார்த்தால் போதும், வாசல் எது என்று தெரிந்துவிடும். வளர்ந்த கூட்டில் அது பெரும்பாலும் பக்கவாட்டில், காசளவு ஓட்டையாக இருக்கும். போவதும் வருவதும் அதன் வழியாகத்தான். இந்த வேலை முழுவதும் அந்த ஓட்டையைச் சுற்றித்தான் நடக்கிறது. வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதற்கு நேரே ஏணி வைக்கக்கூடாது. இரண்டாவது ஓட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சுவரோடு ஒட்டிய பக்கம் இருந்தால் கண்ணில் படாது. வயர் எங்கே ஓடுகிறது, ஓட வேண்டியிருந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதும் அப்போதே முடிவாகிவிட வேண்டும். சர்வீஸ் வயர் கூட்டை ஒட்டிப் போனால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தச் செய்யாமல் தொடக்கூடாது. அலுமினிய ஏணியும் அந்த இடத்தில் கூடாது.

வேலை இருட்டிய பிறகு. சூரியன் மறைந்து ஒரு மணி நேரமாவது போக வேண்டும், அப்போதுதான் இரை தேடப் போனவை எல்லாம் திரும்பி உள்ளே அடங்கியிருக்கும். பகலில் கூட்டை எடுத்தால் வெளியே போயிருந்த கூட்டம் திரும்பி வந்து, வீடு இருந்த இடத்தில் வீட்டைக் காணாமல், நாள் முழுக்க உங்கள் ஜன்னலைச் சுற்றும். ஐப்பசி என்பதால் இன்னொன்று: மழை பெய்யும் இரவிலும் மழை வரும்போல் இருக்கும் இரவிலும் வேண்டாம். ஏணி வழுக்கும், தூள் மருந்து ஈரத்தில் கட்டிபட்டு உள்ளே போகாது.

உங்கள் பங்கு இங்கேதான் வருகிறது. அன்று மாலை 5 மணிக்கே அம்மாவையும் குழந்தையையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த அறை ஜன்னலை மூடி, ஏசி குழாய் வரும் ஓட்டை, எக்ஸாஸ்ட் ஃபேன், வென்டிலேட்டர் எல்லாவற்றையும் பழைய துணியும் டேப்பும் வைத்து அடையுங்கள். மாடி, பால்கனி, வாசல் விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். கலைந்த கதண்டு இருட்டில் வெளிச்சத்தை நோக்கித்தான் பறக்கும். பெரும்பாலோர் மறந்துவிடுவது இதைத்தான். எதிர்வீட்டு வாசலில் விளக்கு எரிந்தால் அங்கே போய் அவர்களைக் கொட்டும். ஆகவே நாலு பக்கத்து வீட்டுக்கும் முன்பே சொல்லுங்கள். மாடும் நாயும் கட்டியிருந்தால் அவிழ்த்து வேறு பக்கம் கொண்டுபோங்கள். கட்டிய மாடு ஓட முடியாது. மீன்தொட்டி, திறந்த தண்ணீர்த்தொட்டி, கிணறு இருந்தால் மூடிவிடுங்கள். பயன்படுத்தும் மருந்து பைரித்ராய்டு வகையாக இருந்தால் மீனுக்கு அது கொடிய விஷம்.

வருகிறவர்களின் உடையைப் பாருங்கள். தேனீ வளர்ப்பவர்கள் போடும் மெல்லிய உடை மட்டும் கதண்டுக்குப் போதாது. உள்ளே தடித்த பருத்திச் சட்டையும் பேன்டும், மேலே முழு உடை. முகத்தைத் தொடாமல் தள்ளி நிற்கும் வலை. முழங்கை வரை தோல் கையுறை. கம்பூட்டுக்கு வெளியே பேன்டை விட்டுச் சுற்றி டேப். வலை மூக்கில் ஒட்டினால் வலை இருந்தும் இல்லாததுபோல்தான். டார்ச்சுக்கு சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டியிருப்பார்கள், ஏனென்றால் இவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரிவதில்லை. அந்த டார்ச்சும் கையிலோ நெற்றியிலோ இருக்காது, தள்ளித் தரையில் நிற்கும். வெளிச்சத்தைத் தாக்க வருவது டார்ச்சுக்குப் போகட்டும், ஆளுக்கு வேண்டாம்.

நீளக் கழியின் நுனியில் கட்டிய குழாயை வாசல் ஓட்டைக்குள் நுழைத்து, பைரித்ராய்டுத் தூளையோ கரைசலையோ உள்ளே செலுத்துவார்கள். சுமார் 10 முதல் 15 விநாடி. உடனே மருந்தில் நனைத்த பஞ்சால் ஓட்டையை அடைத்துவிடுவார்கள். கரைசல் என்றால் கணக்கு எளிது: பைரித்ராய்டு வகையைச் சேர்ந்த 2.5 சதவீத டெல்டாமெத்ரினில் 10 மி.லி.யை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.025 சதவீதம். எந்த மருந்துக்கும் லேபிளில் போட்டிருக்கும் அளவுதான் அளவு. இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு வேகமாகச் சாகாது. சுவரில் கறைதான் மிஞ்சும், உங்கள் ஜன்னல் ஓரத்தில் விஷம் கூடுதலாகத் தங்கும்.

ஓட்டையை அடைத்ததும் உள்ளேயிருந்து அரிசி அரைக்கும் மெஷின் தூரத்தில் ஓடுவதுபோல் ஓர் இரைச்சல் எழும். அது ஏறி, மெல்ல இறங்கி, விட்டுவிட்டுக் கேட்டு, அடங்க வேண்டும். அவசரக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் கூட்டைப் பிய்க்கப் போவார்கள். 20 நிமிடமாவது காத்திருந்து, கழியால் கூட்டை லேசாகத் தட்டி, பதில் இரைச்சல் வராவிட்டால்தான் அடுத்த வேலை. தடித்த பிளாஸ்டிக் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, கீழேயிருந்து கூட்டை முழுசாக விழுங்கும்படி மேலே ஏற்றி, வாயைச் சுவரோடு அணைத்துப் பிடித்து, பட்டைக் கரண்டியால் காம்பை அறுக்க வேண்டும். கூடு பைக்குள் விழுந்ததும் வாயை முறுக்கிக் கட்டிவிட வேண்டும். சன்ஷேடில் ஒட்டியிருக்கும் காகித மிச்சத்தையும் சுரண்ட வேண்டும்.

பையைத் தெருக் குப்பைத்தொட்டியில் போட விடாதீர்கள். மூடிய அறைகளில் இருக்கும் கூட்டுப்புழுக்களுக்கு மருந்து படாமல் போயிருக்கலாம். அவை அடுத்த சில நாளில் முழுக் கதண்டாக வெளியே வரும். குப்பை பொறுக்குகிறவர் பையைக் கிழித்தால் என்னவாகும் என்று யோசியுங்கள். வாளியில் சோப்புத் தண்ணீர் நிரப்பி, பைக்குள் ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டு, தண்ணீர் மூலங்களிலிருந்து தள்ளி இரண்டடி ஆழத்தில் புதைப்பது நல்லது. மருந்துபட்ட புழுக்களைக் கோழிக்குப் போடக்கூடாது. கதண்டுப் புழுவைச் சாப்பிடும் பழக்கம் உள்ள ஊர்களிலும் மருந்தடித்த கூட்டைத் தொடமாட்டார்கள்.

மறுநாள் காலையில் பத்துப் பதினைந்து கதண்டுகள் அதே மூலையில் சுற்றினால் வேலை தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். இரவு வெளியே தங்கியவை அவை. இரண்டு மூன்று நாளில் குறையும். குறையாமல் மறுபடி காகிதம் பூசத் தொடங்கினால்தான் ராணி தப்பியிருக்கலாம் என்று பொருள். இரண்டாம் வருகையைப் பற்றி முன்பே பேசிக்கொள்ளச் சொன்னது இதற்காக.

ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளோ சுவர்ப் பொந்துக்குள்ளோ கூடு இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஓட்டையில் சிமென்டை அப்ப வேண்டாம். மருந்து இல்லாமல் வாசலை மட்டும் அடைத்தால், மரத்தையே சுரண்டும் தாடைக்கு ஜிப்சம் பலகை பெரிய விஷயமில்லை. வெளியே போக வழியில்லாத கூட்டம் உங்கள் ஹாலுக்குள் வழி தேடும்.

இனி மோட்டார் ரூம். குடையைக் கவிழ்த்ததுபோல் ஒற்றைக் காம்பில், உறை இல்லாமல், அறைகள் திறந்தபடி தெரியும் கூடு; மெலிந்த உடல், பறக்கும்போது தொங்கும் கால்கள். இது காகிதக் குளவி. சின்னக் கூட்டில் இருபது முப்பதுக்குமேல் இராது, கை பட்டால்தான் கொட்டும். தென்னிந்தியாவில் சாதாரணமான ரோப்பாலிடியா மார்ஜினேட்டா என்ற இந்த வகைக் குளவியைத்தான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். தோட்டத்தில் புழு பிடிக்கும் வேலைக்காரர்கள் இவை; ஆள் புழங்காத இடமாக இருந்தால் விட்டுவிடச் சொல்லியிருப்பேன். ஸ்விட்ச் போட தினமும் கை நீட்டும் இடம் என்பதால் எடுங்கள். மெயினை அணைத்துவிட்டு, இரவில், முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, கைப் பம்பில் நேராகப் பீய்ச்சுங்கள். உறை இல்லாததால் எல்லாவற்றின் மேலும் படும். சோப்பு, பூச்சி மூச்சுவிடும் துளைகளுக்குள் தண்ணீரை இறங்க வைத்துவிடும். சாதாரணத் தண்ணீரால் அது முடியாது. மின்பெட்டியை ஒட்டி இருந்தால் தண்ணீர் வேலை வேண்டாம், எலக்ட்ரீஷியன் முன்னிலையில் ஆள் வைத்து எடுங்கள். எடுத்த இடத்தில் காம்பின் கறுத்த தடத்தைச் சுரண்டிவிடுங்கள்.

நிலைவாசல் மண்கூடு வேட்டைக்குளவி கட்டியது. தனியாக வாழ்வது, காக்கக் கூட்டம் இல்லை, பிடித்து அழுத்தினாலொழியக் கொட்டாது. குளவி கூடு கட்டினால் வீட்டில் தொட்டில் ஆடும் என்று வீட்டுப் பெரியவர்கள் எடுக்க விடமாட்டார்கள், விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. எடுப்பதென்றால் பட்டைக் கரண்டியால் ஒரு நெம்பு போதும். உடைந்த மண் அறைக்குள் பாருங்கள்: கை கால் அசையாத சிலந்திகள் வரிசையாக அடைத்திருக்கும், அல்லது பச்சைப் புழுக்கள். கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று நம்பிய பழைய கதைக்கு மூலம் இதுதான். புழு குளவியாவதில்லை, குளவிக் குஞ்சுக்குச் சோறாகிறது.

தண்ணீர்த்தொட்டிக்கு அடியிலோ பெரிய மரக்கிளையிலோ முறம்போல் ஒற்றைத் தட்டாகத் தொங்கினால் அது கூடே வேறு, மலைத்தேனீ. அதற்கு மருந்தே அடிக்கக்கூடாது, தேனும் நஞ்சாகும். பிடித்து இடம்மாற்றுகிறவர்களைக் கூப்பிட வேண்டும்.

வேலை நடக்கும்வரை அம்மாவைப் பற்றி ஒரு கவனம். பிரஷர் மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் வகையாக இருந்தால், கொட்டியபின் ஒவ்வாமை வந்தால் அது கடுமையாகலாம், அந்த ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசியும் வழக்கம்போல் வேலை செய்யாமல் போகலாம். மாத்திரையை நிறுத்தாதீர்கள்; அட்டையைக் கைப்பையில் வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுங்கள். யாரைக் கொட்டினாலும் முதலில் அந்த இடத்தைவிட்டு விலகி மூடிய அறைக்குள் போக வேண்டும். மோதிரம், வளையலை வீக்கம் வருமுன் கழற்றி, சோப்பால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைக்கலாம். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும், விஷத்தை எடுக்காது. உடம்பெங்கும் தடிப்பு, குரல் கம்முதல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று வந்தாலும் 108. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்காரவையுங்கள். பல கொட்டு பட்டவர், அதிலும் குழந்தையோ முதியவரோ என்றால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கதண்டு விஷம் தசையையும் ரத்த அணுவையும் சிதைத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். இது அன்றே தெரியாது. அடுத்த மூன்று நாளில் சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனாலோ, குறைந்தாலோ உடனே திரும்பிப் போய், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். பால்காரரை ஒன்றுதான் கொட்டியது என்பதால் அவருக்கு அந்தப் பயமில்லை. ஆனால் உடம்பெல்லாம் தடித்ததா என்று கேளுங்கள். தடித்திருந்தால் அடுத்த கொட்டு அவருக்கு ஆபத்து. கூடு போகும்வரை பாலைத் தெருமுனையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆடியில் வாரம் ஒருமுறை சன்ஷேடுகளின் அடி, ஏசி வெளி யூனிட், மீட்டர் பெட்டி, பயன்படாத குழாய் ஓரங்களை அண்ணாந்து பாருங்கள். எலுமிச்சை அளவில் இருக்கும்போது பெரும்பாலும் உள்ளே ராணி மட்டும்தான், அல்லது அதோடு சில வேலைக்காரக் கதண்டுகள். அந்த அளவில் தொழில்காரருக்குப் பத்து நிமிட வேலை.